பூட்டு விளக்கு

இரண்டாயிரத்து நானூறு கேட்டேன்.
இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு தந்தது.
மெகாஹெர்ட்ஸில்.
தயக்கமில்லை, நடுக்கமில்லை;
திரையின் நடுவை விட்டு வலப்புறம் தள்ளி
ஒற்றைப் பனைபோல் நின்றது முள்.

காட்பாடி, காந்தி நகர், மாடி அறை.
கீழே ஜெராக்ஸ் கடை ஷட்டர் இறங்கிவிட்டது.
சுவர் இன்னும் பகல் வெயிலைக் கக்குகிறது.
ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் கூட்ஸ் ஒன்று
மேஜையை, டீ கிளாஸை, என் பல்லை அதிரவைத்தது.
முள் மட்டும் அசையவில்லை.

பலகையின் மூலையில் பச்சை விளக்கு.
அதற்குப் பெயர் பூட்டு விளக்கு:
பிடித்துக்கொண்டேன், இனி விடமாட்டேன் என்று பொருள்.
எதைப் பிடித்தாய் என்று
அதைக் கேட்க முடியாது.

கேபிளை மாற்றினேன்.
கனெக்டரைக் கழற்றி, துடைத்து, மறுபடி முறுக்கினேன்.
மூன்று புள்ளி மூன்று வோல்ட் இருக்கவேண்டிய இடத்தில்
மூன்று புள்ளி மூன்று இருந்தது.
ரெஜிஸ்டர்களை ஐந்திலிருந்து பூஜ்யம்வரை
இறங்குவரிசையில், ஒரு பிட் விடாமல், திரும்ப எழுதினேன்.
அனலைசர்மேல் சந்தேகம் வந்து
வேறொரு ஜெனரேட்டரைக் கொடுத்துப் பார்த்தேன்.
பாவம், அது நிரபராதி.
பிறகு என்மேல் சந்தேகம்.
அது எப்போதும் இரண்டாவது மணி நேரத்தில்தான் வரும்.

"லைட்டு எரியுதே மேடம், அப்புறம் இன்னா?"
சால்டரிங் அயர்னை ஈரப் பஞ்சில் தேய்த்தபடி தனகோட்டி.
"எரியுது தனகோட்டி. அதான் புரியல."

காலையில் ஓசூருக்குப் போகவேண்டிய பெட்டி
திறந்தே கிடக்கிறது.

ஆயிரம் கேட்டேன். ஆயிரத்து நாற்பது.
ஐந்நூறு கேட்டேன். ஐந்நூற்று இருபது.
பழைய பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டே போனேன்.
தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப்பார்த்தான்:
"நூத்துக்கு நாலு.
இன்னா மேடம், வட்டிக்கு உட்டுகினு கீதா இது?"

அவனுக்குத் தெரியும்.
தங்கை கல்யாணத்துக்கு வாங்கியது;
ஐந்தாம் தேதி தவறாமல் ஒருவன் பைக்கில் வந்து
எங்கள் ஜன்னலுக்குக் கீழே ஹாரன் அடிப்பான்.

பேனாவை வைத்துவிட்டேன்.
இரைச்சலுக்குக் கணக்கு வராது.
சூடேறிய சில்லு
ஆயிரத்துக்கும் ஐந்நூறுக்கும் ஒரே விகிதம் வசூலிக்காது.
இருபத்தைந்துக்கு ஒன்று கூடுகிறது என்றால்
எங்கோ ஓர் இருபத்தைந்து
இருபத்தாறாக உட்கார்ந்திருக்கிறது.

லென்ஸ். சாய்த்துப் பிடித்த டார்ச்.
அரிசியில் பாதி அளவுத் தகர மூடி,
கிரிஸ்டலின் மூடி,
அதன்மேல் எறும்புக் கையெழுத்தில்
இரண்டு, ஆறு.

கணினித் திரையின் கட்டத்திலோ
வந்த நாளிலிருந்து நான் தொடாமல் விட்ட
இருபத்தைந்து.

"தனகோட்டி..."

பொங்கலுக்கு முந்தின வாரம்.
பழையது கொறடு பட்டு விரிசல் விட்டதாம்.
லாங் பஜாரில் எடைக்கு வாங்கிய
செத்த செல்போன் ஒன்றிலிருந்து பெயர்த்து வைத்தானாம்.
"ஓடுச்சி மேடம். லைட்டும் எரிஞ்சிது.
நல்லாதான் கீதுன்னு உட்டுட்டேன்."

திட்ட வாயைத் திறந்தேன்.
மூன்று மணி நேரமாக
நானும் அந்த விளக்கைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டத்தில் ஐந்தை அழித்து ஆறு என்று அடித்தேன்.
முள் ஒரே தாவலில் நடுவுக்கு வந்தது.
இரண்டாயிரத்து நானூறு, புள்ளி, பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்.
விளக்கு ஒருமுறை இமைத்துவிட்டு எரிந்தது.
அதே பச்சை.

வெள்ளை டேப் துண்டில் 26 என்று எழுதி
பலகையின் விளிம்பில் ஒட்டினான் தனகோட்டி;
கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தினான்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது நாற்பத்தேழு.
அது மாட்டிய நாளிலிருந்து ஏழு நிமிடம் கூட.
யாரும் திருத்தியதில்லை.
அண்ணாந்து பார்த்தான், மனசுக்குள் கழித்தான்,
"குடியாத்தம் பஸ்ஸுக்கு இன்னும் டைம் கீது" என்று
டிபன் பாக்ஸைக் கழுவப் போனான்.